பன்னிரண்டாம் நாற்காலி

முதல் காலில் தண்ணீர் விழுகிற சத்தம் மைக்கில் கேட்டதுமே தெக்லா சேலைக் கரையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அது மிக்கேல்தாசன் அண்ணாச்சியின் கால். வலது கால். பெரிய வியாழன் பூசையில், சேசு தன் பன்னிரண்டு சீடர்களுக்குக் கால் கழுவின ஞாபகமாக, இந்தக் கோயிலில் வலது காலை மட்டும்தான் சாமியார் கழுவுவார், இடது காலுக்கு வேலை கிடையாது, அது சும்மா துணைக்கு வந்த கால். பீடத்துக்கு முன்னால் அரைவட்டமாகப் போட்ட பன்னிரண்டு நாற்காலிகளில் கடைசி நாற்காலி தெக்லாவுடையது. பதினோரு ஆம்பளைகளும் முடிந்துதான் அவள் முறை, அதுவரைக்கும் நேரம் இருக்கிறது, ஆனால் எதற்கு நேரம் இருக்கிறது என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை. வெள்ளைச் சேலையின் கரைக்குள்ளே இரண்டு காலையும் இழுத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கரைக்குள்ளே இருப்பது காலா அது, சாக்கடை. கணுக்கால் வரைக்கும் கறுத்த சகதி, காய்ந்துபோய்த் தோலைப் பிடித்து இழுக்கிறது, பெருவிரலை அசைத்தால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது, அப்படி உதிர்ந்த ஒரு துணுக்கு வெள்ளை மார்பிள் தரையில் கிடக்கிறது, இத்தினியூண்டு, ஊரே அதைத்தான் பார்க்கிறது என்று அவளுக்குப் படுகிறது. சவேரியாரே, அந்தோணியாரே, கேட்டதைக் கொடுக்கிற மாதாவே, இந்தத் தரை இப்பம் பிளக்கக் கூடாதா? எங்கே பிளக்கும், போன வருசம்தான் வரி பிரித்துப் புதுசாகப் போட்ட தரை. அவளும் கொடுத்திருக்கிறாள்.

பாடற்குழு முதல் சரணத்தை முடித்து இரண்டாவதற்குப் போகிறது. ஒரு காலுக்கு ஒரு சரணம், அதுதான் கணக்கு, கடைசிக் கால் துடைக்கப்படும்போது பாட்டும் முடியும். சாமி இரண்டாவது நாற்காலிக்கு நகர்கிறார். ஜோவின் சாமி சின்ன வயசுக்காரர், வந்து ஒரு வருசம்கூட முழுசாக ஆகவில்லை, அங்கியைச் சுருட்டி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டு மண்டியிட்டு வருகிறார், கோயில்பிள்ளை சவரிமுத்து ஒரு கையில் பேசினும் ஒரு கையில் கூஜாவுமாகப் பின்னாலேயே வருகிறார். இந்தச் சாமிதான் எல்லாத்துக்கும் காரணம். நான் பாட்டுக்கு மூணாவது வரிசையில தூணோரமா உட்கார்ந்து பூசை கண்டுட்டுப் போயிருப்பேனே! அவர்தான் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பேச்சை எடுத்தார், இந்த வருசம் பன்னிரண்டில் ஒரு ஆளாவது பெண்ணாக இருக்கட்டும், தெக்லாக்கா இருக்கட்டும் என்று. அண்ணாச்சி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாராம். "பொம்பளைக் காலைப் பிடிச்சுச் சாமியார் கழுவுததா? அதை நாங்க வரிசையா உட்கார்ந்து பாக்கணுமா? என்ன சாமி, விளையாடுதீயளா?" என்று கேட்டாராம். சாமியும் விடவில்லை, இவரும் விடவில்லை, கடைசியில் சாமிதான் இறங்கி வந்து ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு வருசம் பார்ப்போம், ஒரு குறை வந்தாலும், ஒரே ஒரு சொல் வந்தாலும் அடுத்த வருசம் பழையபடி பன்னிரண்டும் ஆம்பளைகள்தான். இதைச் சாமியே வீட்டுக்கு வந்து சொன்னார். காப்பியைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சொன்னார். அதற்கப்புறம் ஊரில் எந்தப் பொம்பளை அவளைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். மீன் கடைக்காரி உட்பட. எக்கா, நம்ம மானம் உங்க கால்லதான் இருக்கு, என்று ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், விளையாட்டாகச் சொன்னது மாதிரியே இல்லை. இப்போது அந்த மானத்தைப் போய்ப் பார்த்தால் ஓடைச் சகதியில் ஊறிக் கிடக்கிறது.

மூன்றாவது கால். நல்ல சிவந்த கால், பவுடர் போட்டு மாவு பூசின மாதிரி வெள்ளையான உள்ளங்கால். தெக்லாவுக்கு இந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வருகிறது. இவர்கள் யாருமே அழுக்குக் காலோடு வந்தவர்கள் இல்லை. வருசா வருசம் இதுதான் நடக்கிறது. பேர் கொடுத்த நாளிலிருந்தே தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அவள் வீட்டுக்காரர் இன்னாசி ஒரு வருசம் உட்கார்ந்தார், உப்பளத்து மோட்டார் செட்டில் கிரீசோடு புழங்குகிற கால், அதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டு, பீர்க்கங்கூட்டால் தேய்த்து, எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குதிகாலில் வைத்து, கலியாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு நடந்திருக்காது. பேசினில் விழுந்த தண்ணீர் விழுந்தபடியே தெளிவாகக் கிடந்தது, சாமியார் அதையே முகம் கழுவ எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அன்றைக்கும் தெக்லா நினைத்தாள், கழுவின காலைக் கொண்டுவந்து கழுவக் கொடுக்கிறோமே, இது என்ன கூத்து என்று. நினைத்தாளே தவிர, தன் முறை வந்தபோது என்ன செய்தாள்? மகள் ஷெர்லின் பின்னால் போய் பியூட்டி பார்லரில் உட்கார்ந்தாள். ஒரு பொண்ணு அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு வெடிப்பையெல்லாம் சுரண்டினாள், கூச்சம் தாங்காமல் இவள் காலைக் காலை இழுத்தாள், அந்தப் பொண்ணு அதட்டி அதட்டி உட்கார வைத்தாள், ஷெர்லின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துத் துபாயில் இருக்கிற அண்ணனுக்கு அனுப்பினாள். ரீகன் உடனே பதில் போட்டான், "எம்மா, லைவ்ல பாப்பேன், லீவு போட்டாச்சு." ஐயோ, லைவ்! தூண் பக்கத்தில் மூன்று கால் கம்பியில் ஒரு செல்போன் நிற்கிறது, ஒற்றைக் கண்ணை விரித்துக்கொண்டு அவளையே பார்க்கிறது. மகன் அங்கே ரூமில் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, இந்தா எங்க அம்மா, இந்தா எங்க அம்மா வரப் போகுது, என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவனுக்கு வாய் அடங்காது, அப்பன் மாதிரி இல்லை.

வலது காலை மட்டுமாவது. இடது காலின் விரல்களை மடக்கி, வலது காலின் மேல் தேய்க்கிறாள். சகதி சகதியை எப்படித் துடைக்கும், இருந்த இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகிறது. உள்பாவாடையின் ஓரத்தைக் கட்டைவிரலால் பிடித்து இழுத்துப் பார்க்கிறாள், எட்டவில்லை. குனிந்தால் தெரிந்துவிடும். நாலு. ஐந்து. பக்கத்து நாற்காலி வாத்தியார் மூக்கை உறிஞ்சுகிறார். ஒரு தடவை உறிஞ்சினால் சளி, இரண்டாவது தடவை உறிஞ்சுகிறார், அவளைப் பார்க்காமலே உடம்பை அந்தப் பக்கம் சாய்க்கிறார். நாற்றம் அடிக்கத்தான் செய்யும் வாத்தியாரே, என்ன செய்யச் சொல்லுதீய, இது சாம்பிராணியா? கோயில் வாசலில் குழாய் இருக்கிறது, ஓடி வந்தவுடன் அங்கேதான் முதலில் போனாள், திருகினாள், குழாய் உஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது, அவ்வளவுதான். தூத்துக்குடியில் பங்குனி மாதத்துக் குழாயிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்! அதற்குள் பவனி கிளம்பிவிட்டது, சிலுவையும் மெழுகுவர்த்தியும் முன்னால் போகிறது, பன்னிரண்டு பேரும் இரண்டிரண்டாக நிற்கிறார்கள், சவரிமுத்து கையைக் காட்டிக் கூப்பிடுகிறார், "வா தாயி, வா, சாமி நிக்காரு." வந்துவிட்டாள். உன்னதங்களிலே பாட்டுப் பாடும்போது மணியெல்லாம் அடித்தார்கள், இனி சேசுவின் சாவுக்குத் துக்கமாகச் சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் இந்த ஊரில் மணி அடிக்காது, கட்டையைத்தான் தட்டுவார்கள், அந்த மணிச் சத்தம் அவளுக்குச் சந்துக் கடைசி வீட்டு இசக்கியின் வசவுச் சத்தம் மாதிரியே இருந்தது. ஆனால் குழாயில் தண்ணீர் இல்லை, சரி, இசக்கி வீட்டில் தண்ணீர் இருந்ததே. குடத்தில் இருந்ததே. அங்கேயே ஒரு கை அள்ளி ஊற்றியிருக்கலாமே. ஏன் ஊற்றவில்லை? எவ்வளவு யோசித்தாலும் அந்த இடத்தில் போய் நினைப்பு சிக்கிக்கொள்கிறது. குடம் ஞாபகம் இருக்கிறது, குவளை ஞாபகம் இருக்கிறது, தன் கால் மட்டும் எங்கேயும் ஞாபகத்தில் இல்லை.

கிளம்பினதென்னவோ நேரத்தோடுதான் கிளம்பினாள். ஷெர்லின் பூக்காரி வரட்டும் என்று நின்றாள், இன்னாசி முன்னாலேயே போய்விட்டார், தெக்லா தனியாகத்தான் குறுக்குச் சந்து வழியாக வந்தாள், சேலை கசங்கக் கூடாது என்று ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, பார்லர் காலைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டு. சந்துக் கடைசியில் இசக்கியின் ஒற்றை அறை. தெக்லா அன்றைக்குக் காலையிலேயே வந்து அவளுக்கு எல்லாம் செய்து கொடுத்துவிட்டாள், கஞ்சி கொடுத்து, துணி மாற்றி, மாத்திரை கொடுத்து, சாயங்காலம் வர மாட்டேன், கோயிலில் எனக்குக் கால் கழுவுகிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டும் வந்தாள். அதனால் கதவைப் பார்க்காமலே கடந்து போய்விட்டாள். மறைக்க வேண்டாம், பார்த்துவிட்டால் நேரமாகும் என்று தெரிந்தேதான் பார்க்கவில்லை. அப்போதுதான் சாக்கடை ஓடைப் பக்கமிருந்து குரல் வந்தது, கூப்பிடுகிற குரல் இல்லை, திட்டுகிற குரல். ஓடையைத் திட்டினாள், காலைத் திட்டினாள், செத்துப்போன புருசனைத் திட்டினாள். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன உடம்பை இழுத்துக்கொண்டு பின்பக்கத்துக்குப் போகப் பார்த்திருக்கிறாள், சறுக்கி ஓடைக்குள் போய்விட்டாள், இடுப்பு வரைக்கும் சகதி, ஒரு கை மட்டும் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. தெக்லாவைப் பார்த்ததும் முதலில் என்ன சொன்னாள் தெரியுமா? "ஏட்டி, நீ ஏன் வந்த? சேலை அழுக்காயிரும், போ ளா." வெள்ளைச் சேலையை முழங்காலுக்கு மேலே வரிந்து கட்டி, கொடியில் கிடந்த பழைய துணியை அதற்கு மேலே சுற்றிக்கொண்டு, செருப்பை உதறிவிட்டுத் தெக்லா இறங்கினாள். சளக்கென்று கால் உள்ளே போனது, சகதி வெதுவெதுவென்று இருந்தது, விரலிடுக்கில் என்னவோ வழுவழுவென்று நெளிந்தது. ஆறாவது கால். ஏழாவது கால். இப்போதும் அந்த வெதுவெதுப்பு விரலிடுக்கில் இருக்கிறது.

இசக்கி நம்ம சபை கிடையாது. அவள் சாமி வேறு, உப்பளத்து ஓரத்தில் சிவப்புத் துணி கட்டின மரத்துக்குக் கீழே இருக்கிற அம்மன். தெருக்காரர்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் நோயாளிகளைப் பார்க்கப் போவது என்று முடிவெடுத்தபோது, இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும் என்று பிரித்தபோது, தெக்லாவும் பெனடிக்டாவும்தான் இந்தச் சந்துக்கு வந்தார்கள். பெனடிக்டா நல்லவள்தான், செபமாலையை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள், இசக்கி கேட்ட கேள்வியில் மாலையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனவள் திரும்பி வரவேயில்லை. என்ன கேட்டாள்? "பீயை அள்ள வந்தியளா, பாட்டுப் பாட வந்தியளா?" என்று கேட்டாள். தெக்லாவுக்கும் கோபம்தான், அவளும் போயிருப்பாள், ஆனால் துணி நனைந்திருந்தது, யாராவது மாற்ற வேண்டியிருந்தது. அன்றைக்கு மாற்றினதுதான். வீட்டுக்கு வந்து குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள், இன்னாசி முதுகைத் தடவிவிட்டு, "ஒனக்கு என்னத்துக்கு இந்தப் பாடு?" என்றார், மறுநாள் காலையில் அவள் மறுபடியும் போனாள். வாந்தி நின்றுவிட்டது, குமட்டல் நிற்கவில்லை, ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். புனிதர்களுக்கெல்லாம் ரோசாப்பூ வாசனை அடிக்குமாம், எனக்கு மூத்திர வாசனைதான் அடிக்குது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு, ராத்திரி படுக்கும்போது வருவது. நான் இதை அவளுக்காகச் செய்யுதேனா, ஊர் சொல்லணும்னு செய்யுதேனா? தெக்லா மாதிரி உண்டா என்று கேட்கத்தானே காது அலைகிறது, நாற்காலி கொடுக்கிறோம் என்றதும் வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே, பார்லருக்குப் போனாயே! இசக்கி அதையும் விட்டுவைக்கவில்லை. "எனக்கு அள்ளிப் போட்டா மோட்சத்துல ஒனக்கு எத்தனை சென்ட் எடம் தருவாவ?" என்று ஒருநாள் கேட்டாள். தெக்லா சும்மா இருப்பாளா, "கிடைக்கட்டும், ஒனக்கும் ஒரு ஓரமா ஓலைக் குச்சில் போட்டுத் தாரேன், அங்கயும் வந்து என்னத் திட்டிக்கிட்டே கெட," என்றாள். கோணிப்போன வாயோடு இசக்கி சிரித்தாள், எச்சில் ஒழுக ஒழுகச் சிரித்தாள், இவளும் சிரித்தாள், துடைத்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் ஊர் எங்கே இருந்தது? யார் பார்த்தார்கள்? யாரும் பார்க்கவில்லை. அப்போது ஊர் ஞாபகமே வரவில்லை என்பது இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்குத் தட்டுப்படுகிறது.

எட்டு. சாமிக்கு முட்டி வலிக்கிறது போல, எழும்போது சவரிமுத்துவின் தோளைப் பிடித்துக்கொள்கிறார். எழுந்து போய்விடலாம். மயக்கம் என்று சொல்லலாம், தலை சுற்றுகிறது என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், பொம்பளைதானே, விரதம் இருந்திருப்பாள் என்பார்கள். ஆனால் அண்ணாச்சி என்ன சொல்லுவார், பார்த்தீயளா சாமி, ஒரு மணி நேரம் நாற்காலியில உட்காரத் தெம்பில்ல, என்பார். போனாலும் குறை, இருந்தாலும் குறை. தண்ணீர் கறுப்பாக விழும், அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்லாகும், அடுத்த வருசம் பழையபடி பன்னிரண்டு வேட்டி, ஷெர்லினுக்கு ஒரு பிள்ளை பிறந்து அதற்கு ஒரு பிள்ளை பிறந்தாலும் ஒருத்தியும் இந்தப் பக்கம் வர முடியாது, எல்லாம் இந்தத் தெக்லா கால் கழுவாமல் வந்ததால். சேசு கழுவ வந்தபோது சீடர் ராயப்பரும் அன்றைக்குக் காலை இழுத்துக்கொண்டார்தான், இப்போதுதான் வாசகத்தில் கேட்டது, ஆனால் அவர் மரியாதைக்கு இழுத்தார், நான் அழுக்குக்கு இழுக்கிறேன். ஒன்பது. அந்தக் குடம். குடத்தைச் சாய்த்துச் சாய்த்துத்தான் இசக்கியைக் குளிப்பாட்டினாள், தலைக்கு, முதுகுக்கு, இடுப்புக்கு, சகதி போகப் போக உடம்பு வந்தது, எலும்பும் தோலுமாக, கடைசியில் அவளைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தபோது குடத்தில் ஒரே ஒரு குவளை தண்ணீர் கிடந்தது. ஒரே குவளை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு தன் காலைப் பார்த்தாள், ஆமாம், பார்த்தாள், இப்போது ஞாபகம் வருகிறது, கோயிலில் முதல் மணி அடித்தது, தன் காலைப் பார்த்தாள், பிறகு இசக்கியின் கால் கட்டிலிலிருந்து தொங்குவதைப் பார்த்தாள். உப்பளத்தில் வெந்து வெந்து கல்லாய்ப் போன கால், நான் செத்தா இந்தக் காலு மட்டும் வேகாது, நீங்க ரெண்டாந்தரம் விறகு வாங்கணும், என்று அவளே சொல்லிச் சிரிக்கிற கால், அதில் ஓடைச் சகதி. அதோடு படுத்தால் ராத்திரி முழுக்க எறும்பு மொய்க்கும், அவளுக்கு உணர்ச்சி கிடையாது, எறும்பு கடித்தாலும் தெரியாது. தெக்லா குனிந்து அந்தக் குவளையை அந்தக் காலில் ஊற்றினாள். விரலிடுக்கையெல்லாம் தேய்த்துவிட்டாள். மறந்துபோய் வந்ததா? இல்லவே இல்லை. மறக்கவில்லை! தெரிந்துதான் ஊற்றினேன்!

பத்தாவது காலில் தண்ணீர் விழுகிறது, ஆனால் தெக்லாவின் கை இப்போது சேலைக் கரையை இழுத்துவிடவில்லை. என்னவோ ஒன்று அடியிலிருந்து ஏறி வருகிறது, முதலில் அதைக் கோபம் என்றுதான் நினைத்தாள், கோபமும்தான். எதுக்கு ளா நீ மறைக்க, களவாண்டா கொண்டுவந்த? இந்தச் சகதி எப்படி வந்தது என்று தெரிந்தவள் இந்தக் கோயிலுக்குள் ஒருத்திதான், தெரிந்தவள் தலையைத் தூக்கிக்கொண்டு உட்காராமல் சேலைக் கரைக்குள் பதுங்குகிறாளே! பவுடர் போட்ட கால் நிமிர்ந்து நிற்கிறது, ஓடைக்குள் இறங்கின கால் ஒளிகிறதா? அறையை விட்டுக் கிளம்பும்போது இசக்கி கட்டிலில் கிடந்தபடியே கூப்பிட்டாள். நன்றி என்ற சொல் அவள் வாயில் கிடையாது, அவள் சொன்னது இவ்வளவுதான், "போ ளா, போயி ஒங்க சாமியார்ட்ட காலை நல்லா நீட்டிக் காட்டு." கேலிக்குச் சொன்னாளா, நிசமாகச் சொன்னாளா, ஓடி வந்த அவசரத்தில் தெக்லா முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பை மறந்ததும் அந்த அவசரத்தில்தான், அது இன்னும் ஓடைக்கரையில் கிடக்கும். வாத்தியாரின் கால் பதினோராவது கால், சரணம் முடிகிறது, சாமி எழுந்திருக்காமல் முட்டியாலேயே நகர்ந்து வருகிறார். தெக்லா சேலைக் கரையைத் தூக்கினாள். விரல் அளவு தூக்கவில்லை, கணுக்காலுக்கு மேலே தூக்கினாள். வலது காலை எடுத்து முன்னால் வைத்தாள்.

ஜோவின் சாமியின் கை அந்தரத்தில் நின்றது. சவரிமுத்து, அட சேசுவே, என்று முணுமுணுத்தார். சாமி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார், கூஜாவைச் சாய்த்தார். பேசினில் கறுப்பாக விழுந்தது. பாடற்குழு கடைசிச் சரணத்தைக் கணக்காக முடித்து நிறுத்தியது, அவர்களுக்கு இங்கே நடப்பது தெரியவில்லை, கோயில் முழுக்க அமைதியாகிவிட்டது, அந்த அமைதியில் சாமி மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் அங்கிக் கழுத்தில் குத்தியிருந்த மைக்குக்கு மெதுவா என்றால் என்ன தெரியும்? "என்னக்கா இது?" என்று கோயில் முழுக்கக் கேட்டது. "சகதி, சாமி," என்றாள் தெக்லா. தன் குரல் நாலு ஸ்பீக்கரிலும் திரும்பி வந்தது, அவளுக்கே அது யார் குரலோ என்று இருந்தது. "எங்கயிருந்து வாறீங்க?" "இசக்கி வீட்டுலருந்து வாறேன். அவ ஓடையில விழுந்து கெடந்தா. தூக்கிக் குளிப்பாட்டிப் போட்டுட்டு வாறேன், சாமி. கடைசித் தண்ணியும் அவ காலுக்குச் சரியாப்போச்சு. எங் காலுக்கு இல்ல." சாமி அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே திரும்பி, "சவரிமுத்தண்ணே, தண்ணி," என்றார். "தீந்திட்டு சாமி. கழுவின காலுக்குத்தான அளந்து வச்சேன்." அதுவும் ஸ்பீக்கரில் கேட்டது.

முதலில் அசைந்தது ஷெர்லின். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தவளைப் பார்த்ததும், போச்சு, பார்லர் காசுக்குச் சண்டை போட வருகிறாள் என்று நினைத்தாள் தெக்லா. பிள்ளையோ கண்ணைத் துடைத்துக்கொண்டே ஹேண்ட்பேக்கிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து முன்வரிசைக்கு நீட்டினாள். அவ்வளவுதான், அப்புறம் யார் எழுந்தார்கள், யார் எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது, பங்குனி வெக்கைக்கு ஒவ்வொருத்தியும் பையில் ஒன்று வைத்திருந்தாள், அரை பாட்டில், கால் பாட்டில், கைப்பிள்ளைக்காரியின் சுடுதண்ணி பிளாஸ்க்கு, தலைக்கு மேலே கைமாறிக் கைமாறி எல்லாம் முன்னால் வந்தன. பீடத்துப் படிக்குப் பக்கத்தில் இருந்தது முதல் நாற்காலி, அதனால் வந்த பாட்டிலையெல்லாம் வாங்கிக் கொடுக்கிற வேலை மிக்கேல்தாசன் அண்ணாச்சி தலையில் விழுந்தது. முதல் பாட்டிலை அவர் என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மூடியைத் திருகித் திறந்து, எழுந்து, பவுடர் காலோடு ஈரத் தரையில் நடந்து வந்து, சாமியிடம் கொடுத்தார். தெக்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது பாட்டிலை அவரே ஊற்றினார். சாமி தேய்த்தார். விரலிடுக்கெல்லாம் தேய்த்தார், தெக்லா இசக்கிக்குத் தேய்த்த மாதிரியே, கறுப்பு சாம்பலாகி, சாம்பல் வெளுத்து, தண்ணீர் தண்ணீராகவே விழ ஆரம்பித்தது. பாட்டு முடிந்துபோனது யாருக்கும் பொறுக்கவில்லை போல, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் முதல் சரணத்தை மறுபடியும் எடுத்தது, சுருதி சேராத குரல், அது பெனடிக்டாவின் குரல் என்று தெக்லாவுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, பின்னாலேயே எல்லாப் பொம்பளைகளும் எடுத்தார்கள், ஆர்மோனியக்காரர் திண்டாடித் தேடி அவர்களைப் பிடித்தார், ஆம்பளைகளும் சேர்ந்துகொண்டார்கள், இன்னாசியின் கட்டைக் குரல்கூட எங்கேயோ கேட்டது, அந்த மனுசன் கோயிலில் வாயைத் திறந்து அவள் பார்த்ததே இல்லை.

சாமி இடுப்புத் துண்டால் அந்தக் காலைத் துடைத்தார், குனிந்து முத்தம் வைத்தார், வழக்கம்போல எழுந்திருக்கப் போனார். தெக்லாவுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. போ ளா, நல்லா நீட்டிக் காட்டு. படிக்கட்டில் பாட்டில்கள் இன்னும் வரிசையாக நின்றன, அண்ணாச்சி அடுத்ததைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார். இந்தக் கோயிலில் இதுவரை யாரும் நீட்டாத இடது காலை, சகதி சகதியாகவே, சேலைக் கரைக்குள்ளிருந்து எடுத்து, நல்லாவே நீட்டினாள் தெக்லா.

"இதுவும் இருக்கு, சாமி."